வேலித் தூணுக்கு ஒரு தொப்பி

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டைச் சுற்றி மரவேலி போடுவது இன்றும் வழக்கம். பல வேலிகளில் தூண் உச்சியில் சின்னப் பிரமிடு வடிவில் ஒரு மரத்தொப்பி இருக்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்றே நினைப்பார்கள். அது வெடித்துக் கழன்று விழுந்தபின் சில ஆண்டுகள் அப்படியே விட்டால், தூண் மேலிருந்து கீழாக உளுக்கத் தொடங்கும்.

மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய நுண்குழல்கள் தூணிலும் நெட்டாகவே நிற்கின்றன. குறுக்கே அறுத்த உச்சியில் அவை வாய் திறந்திருப்பதால், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக மழைநீரைக் குடிக்கின்றன. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதை அழிக்காது என்கிறது, விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் 1910 முதல் இயங்கும் அரசு மர ஆய்வகம். அந்த வரம்பைத் தாண்டாமல் உச்சியைக் காப்பதுதான் தொப்பியின் வேலை.

கடையில் வாங்கினால் என்ன? அளவுதான் தகராறு. ‘4-க்கு 4’ என்று விற்கும் தூணை அளந்தால் மூன்றரை அங்குலம்தான் தேறும். இழைக்காமல் நட்ட பழைய தூண்களோ முழு 4 அங்குலம் இருக்கும். ஒன்றுக்குச் செய்த தொப்பி மற்றதற்குப் பொருந்தாது.

ஆகவே பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். ‘2-க்கு 6’ பலகை உண்மையில் ஒன்றரை அங்குலக் கனம், ஐந்தரை அங்குல அகலம். அதில் ஒரு சதுரம் அறுத்தால் மூன்றரை அங்குலத் தூணைச் சுற்றி ஓர் அங்குலம் வெளியே நீளும். நாலு பக்கமும் 15 டிகிரி சரித்தால் நடுவில் முழுக் கனமும் ஓரத்தில் முக்கால் அங்குலமும் நிற்கும். சிறு துண்டை ரம்பத்தருகே கையால் பிடிப்பது விரலுக்கு ஆபத்து. அதனால் நீளப் பலகையாக இருக்கும்போதே இரு ஓரங்களையும் சரித்துவிட்டு, பிறகு துண்டு போடுகிறார்கள். மீதி இரண்டு பக்கங்களை, துண்டைப் பிடிப்பானில் இறுக்கிக்கொண்டு இழைப்புளியால் சீவலாம்.

அடிப்பக்கத்தில், ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே, சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளம் அவசியம். அது இல்லாவிட்டால் ஓரத்தில் வழியும் நீர் அடியில் ஒட்டியபடியே தூண்வரை வந்துவிடும். வீட்டு சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுத்துவிடும் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மரத்துக்கு வெஸ்டர்ன் ரெட் செடார் நல்ல தேர்வு. ஆனால் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுக்கவேண்டும், வெள்ளைப் பகுதி சீக்கிரம் மட்கும். மட்காமலிருக்கத் தூணில் ஏற்றிய மருந்தையும் கவனிக்கவேண்டும். ஆர்செனிக் கலந்த மருந்தை வீட்டு மரங்களுக்கு ஏற்றுவது அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலும் நின்றது. அதற்குப் பதிலாக வந்த செம்பு மருந்துகள் சாதா இரும்பை விரைவில் அரிக்கும். ஆணி அடிப்பதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாதுகாப்பு.

ஆனால் எந்த ஆணியானாலும் உச்சியில் அடித்தால் அந்தத் துளையே நீருக்கு வழியாகும். தொப்பியின் எல்லா முகங்களிலும் பெயின்ட் பூசி உலரவிட்டு, அடியில் நடுவே மட்டும் வெளிப்புறப் பசை வைத்து அமர்த்தினால் போதும். மரம் ஈரத்தில் உப்பவும் வெயிலில் சுருங்கவும் இடம் இருக்கும். அடுத்த முறை மாற்றும்போதும் தூணைச் சேதப்படுத்தாமல் பெயர்த்துவிடலாம்.