நாய்க்குட்டியின் கடிப்பழக்கத்தை நிறுத்தும் முறை

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய்க்குட்டி வளர்ப்போர், அது கையையும் காலையும் கவ்விக் கடிப்பதைக் கண்டு, "நல்ல காவல் நாயாக வரும்" என்று மகிழ்வதுண்டு. இது தவறு. இன்று விரலைக் கவ்வும் குட்டி, வளர்ந்தபின் குழந்தையையும் ஆட்டையும் கடிக்கக்கூடும்.

குட்டி கடிப்பது பெரும்பாலும் விளையாட்டாலும் பல் முளைக்கும் தினவாலும் ஆகும். 4 முதல் 7 மாதத்திற்குள் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே அது கற்கிறது. ஆகவே 8 வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

குட்டி கடித்தால் கையை வெடுக்கென இழுக்காமல் அசையாது வைத்து, அது விட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடவும். அரை நிமிடம் கழித்து மீண்டும் விளையாடலாம். வீட்டார் அனைவரும் இம்முறையையே கடைப்பிடிக்க வேண்டும். அடித்தால் அச்சத்தால் கடிக்கப் பழகும். மென்று கடிக்க, முடிச்சிட்ட பழந்துணியை நனைத்துக் கொடுக்கலாம். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பையும் கடிக்கும்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும்படி தொடரவும். குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி தடவக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. "குட்டிதானே" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.