தை மாத விதைப்பு: நோயாளி உள்ள வீட்டில் தக்காளியும் மிளகாயும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், மறுபரிசோதனைக்கு வரும்போது சற்றே தயக்கத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாள் முழுவதும் சும்மா படுத்திருக்க முடியவில்லை. மாடியில் நாலு செடி வைக்கலாமா?" பெரும்பாலோர் தாராளமாக வைக்கலாம். சிலர் செடியைப் பேணலாம்; மண்ணைத் தொடக் கூடாது. வெகு சிலர் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். எளிதில் வளரும் தக்காளி, மிளகாய் ஆகிய இரண்டையும் முன்னிட்டு இதனை விளக்குவோம்.

முதலில் காலம். குளிர்நாடுகளில் உறைபனி நீங்கும்வரை நாற்றை வீட்டினுள் வைத்துக் காத்திருப்பார்கள். நம் சமவெளியிலோ நிலைமை நேர்மாறானது. நாம் வெயிலை முந்திக்கொள்ள வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும். தைப் பொங்கலையொட்டி விதைத்தால் மாசித் தொடக்கத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். பங்குனியில் பூத்து, சித்திரையில் பழம் கிடைக்கும். பங்குனி நடுவில் விதைப்பவரின் செடி அக்கினி நட்சத்திரத்தில் பூக்கும். இலை செழித்திருக்கும், காய் இராது. மிளகாய் வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எனினும் அது முளைக்கவும் வளரவும் அதிக நாள் எடுத்துக்கொள்வதால், அதனையும் தையிலேயே விதைப்பது நலம். குடைமிளகாய்க்குக் குளிர்ச்சி வேண்டும். ஓசூர், நீலகிரி போன்ற இடங்களில் இருப்பவர்கள் முயலலாம். மற்றவர்கள் அதனைக் கடையில் வாங்குவதே மேல்.

மண் கலவையில்தான் மருத்துவர்களின் கவலை இருக்கிறது. செம்மண், தென்னை நார்க்கழிவு, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது வழக்கம். உலர்ந்த நார்க்கழிவையும் எருவையும் கிளறும்போது எழும் தூசியில் பூஞ்சை வித்துகள் கலந்திருக்கும். நலமாக உள்ளவரின் நுரையீரல் அவற்றை எளிதில் வென்றுவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றமோ உறுப்பு மாற்றமோ செய்துகொண்டவர்கள், கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு அதே வித்துகள் கடுமையான நிமோனியாவை உண்டாக்கக்கூடும். இவர்கள் கலவை தயாரிக்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. எப்போது தோட்டத்துக்குத் திரும்பலாம் என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே கூற வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் மற்றொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். தென்னிந்தியாவின் ஈரமண்ணில் மெலியாய்டோசிஸ் என்னும் நோயைத் தரும் பாக்டீரியா வாழ்கிறது. மழைக்காலத்தில் மிகுதியாகக் காணப்படும் இந்நோய், நீரிழிவாளர்களையே பெரிதும் தாக்குகிறது. தோலில் உள்ள சிறு புண்ணே அதற்கு வாசல். ஆகவே வெறுங்காலுடன் மண்ணில் நிற்கக் கூடாது. ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வேலை முடிந்தபின் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். தோட்ட வேலை தொடங்குமுன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டறிவதும் நல்லது.

எனவே கலவையைக் கவனித்துக்கொள்பவரே தயாரிக்கட்டும். முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்துத் தூசியை அடக்கியபின் கிளறட்டும். நிரம்பிய தொட்டியைத் தூக்குவதும் அவர் வேலையே. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்களும் அதனைத் தொடவே வேண்டாம். மண்ணில் கைவைக்கத் தடையில்லாத நோயாளிக்கு விதைத்தல், நீரூற்றுதல், கொம்பு நட்டுக் கட்டுதல், பறித்தல் என வேலைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளாதீர்கள்.

குழித்தட்டில் விதையை அரை அங்குல ஆழத்தில் இட்டால், தக்காளி ஒரு வாரத்திலும் மிளகாய் ஏறத்தாழ இரண்டு வாரத்திலும் முளைக்கும். தக்காளி நாற்றை 25 நாளிலும் மிளகாய் நாற்றை 40 நாளிலும் மாலை வேளையில் எடுத்து நடலாம். தக்காளியின் தண்டிலும் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடுக. மிளகாயைத் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுவது போதும். தொட்டி ஒன்றுக்கு ஒரே செடி. பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையால் நாற்றைத் தொட்டால், புகையிலையில் உள்ள வைரஸ் அதற்கும் பரவலாம். தாத்தாவைப் புகைக்காதே என்று சொல்லிச் சலித்த வீடுகளுக்கு இது இன்னுமொரு காரணம்!

நீரைக் காலையில், வெயில் ஏறுமுன் ஊற்றுங்கள். ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக இருந்தால் தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வளர்ந்துவிடும். தட்டை அகற்றிவிடுவதே உத்தமம். பூத்தபின் காலையில் பூங்கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் சேரும். இலை சுருண்டால் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தக்காளியில் வெள்ளை ஈயும், மிளகாயில் இலைப்பேனும் இருக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். நோயாளி உள்ள வீட்டில் இரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டாம்.

மிளகாய் பறித்த கையைச் சோப்பால் கழுவாமல் கண்ணையோ, புண்ணின் கட்டையோ, உடலில் பொருத்தியுள்ள குழாயையோ தொடாதீர்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தக்காளியை நன்கு கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு எச்சரிக்கை சற்றுக் கூடுதல்: 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தொக்காகச் சுண்டவைக்கும்போது அது செறிவடைகிறது. மோர் மிளகாயிலோ உப்பு மிகுதி. சித்திரையில் செடி அள்ளித் தரும்போது எவ்வளவு உண்ணலாம் என்பதை, அதற்கு முன்பே, அடுத்த வருகையின்போது எங்கள் உணவியல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். மிகுந்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.