மதுரையின் பேராயர், பர்மிங்காமின் போதகர்

1936இல் ஸ்காட்லாந்து திருச்சபை அனுப்பிய இளம் மிஷனரியாக லெஸ்லி நியூபிகின் மனைவி ஹெலனோடு சென்னைக்கு வந்தபோது, அருட்பணிக்குத் திசை ஒன்றுதான். லண்டனிலும் எடின்பரோவிலும் பாஸ்டனிலும் முடிவெடுப்பார்கள். பணமும் அங்கிருந்தே வரும். இங்கே பங்களாவில் இருக்கும் மிஷனரி உபதேசியாருக்குச் சம்பளம் கொடுப்பார், பள்ளிக்கூடத்தை மேற்பார்ப்பார். சபை ஊருக்குள் இருந்தது. அதன் சாவி மிஷன் வளாகத்தில் இருந்தது. ஆங்கிலிக்கன் சபையில் ஓர் இந்தியர் பேராயராவதற்கே 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாதான் அந்த முதல் இந்தியப் பேராயர். அவருக்குக் கிடைத்ததும் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்.

நியூபிகின் வந்த சிறிது காலத்திலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்பினார். 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் தங்கினார். தமிழை ஊன்றிக் கற்றார். அங்குள்ள ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வாரம் உபநிடதமும் மறு வாரம் யோவான் நற்செய்தியுமாகப் படித்தார். கிராமங்களில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிட, அந்தந்த ஊர் விசுவாசிகளிடமே சபைப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலக் குருவானவர் 1912லேயே இதைப் புத்தகமாக எழுதியிருந்தார். அன்று கேட்டவர்கள் குறைவு.

நாடு விடுதலை பெற்ற ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள் தொடங்கிவைத்த சபை இணைப்புப் பேச்சு, 28 ஆண்டுகள் கழித்துக் கைகூடியது. அதற்காகப் பாடுபட்ட அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1945 தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். அன்று அபிஷேகம் பெற்ற பேராயர்களில் நியூபிகினும் ஒருவர். வயது 37. பேராயர் என்ற பதவியே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்தவரை, அமெரிக்க காங்கிரிகேஷனல் மிஷன் 1834 முதல் வளர்த்த மதுரை-இராமநாதபுரம் சபைகளுக்கு மேய்ப்பராக்கினார்கள். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன்களில் பலர் இந்தப் புதுத் திருச்சபையை ஏற்கத் தயங்கினார்கள். மதுரைக் கிராமத்துச் சபையோ அந்தத் தயக்கத்துக்காகக் காத்திராமல் தன் வழியில் நடந்தது.

1959இல் உலகளாவிய திருச்சபைப் பணிக்கு அழைக்கப்பட்டவர், 1965இல் சென்னைப் பேராயராகத் திரும்பினார். 1974இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் சுந்தர் கிளார்க். நியூபிகினும் ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு, கிடைத்த பஸ்களில் ஏறி, தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் துருக்கியின் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆதித் திருச்சபையின் பெரிய ஞானிகளைத் தந்த மண் அது. அன்று அங்கே கூட உட்கார்ந்து ஜெபிக்க ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை. இருவருமே தனியாக ஆராதனை செய்தார்கள். எத்தனை வேரூன்றிய சபையும் ஒரு நாட்டிலிருந்து இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பர்மிங்காமில் குடியமர்ந்த அவர் கண்ட இங்கிலாந்து, பிறந்து வளர்ந்த இங்கிலாந்தாக இல்லை. எழுபது வயதைத் தாண்டியபின், வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிறு சபையை ஏற்றுக்கொண்டார். உடன் உழைத்தவர் ஓர் இந்தியப் போதகர். வீடு வீடாகப் போனபோது சீக்கிய, இந்துக் குடும்பங்கள் உள்ளே அழைத்து வரவேற்றன. சொந்த நாட்டவரின் வாசலில் அந்த வரவேற்பு பல நேரம் கிடைக்கவில்லை. இந்தியாவில் சந்தித்த எதையும்விட இந்த ஊழியம் கடினம் என்று அவரே எழுதினார். 1989இல் வந்த ‘பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி’ உள்ளிட்ட அவருடைய பெயர்பெற்ற நூல்கள் இந்த அனுபவத்திலிருந்து எழுந்தவை. மேற்கு நாடுகளே இப்போது அருட்பணிக் களம் என்று அவர் சொன்னதை, 1998இல் அவர் மறைந்தபின் இன்னும் கூடுதலாகவே படிக்கிறார்கள்.

இன்று அருட்பணியின் அந்தத் திசை கண்முன்னே திரும்பியிருக்கிறது. உகாண்டாவில் பிறந்த ஜான் சென்டாமு 2005இல் யார்க்கின் தலைமைப் பேராயரானார். ஈரானில் பிறந்த குலி பிரான்சிஸ்-தெகானி 2021 முதல் செம்ஸ்போர்டின் பேராயர். லண்டனில் ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடக்கிறது. இங்கே தமிழகத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர்கள் எல்லோரும் இந்த மண்ணின் மக்கள். அசரியா 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிவைத்த இந்திய மிஷனரி சங்கம் போல, அனுப்புகிற சபையாகவும் நாம் ஆகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

வெளிநாட்டுப் பேராயர் இல்லாமல் தமிழகத் திருச்சபை நடப்பதே அசரியா, நியூபிகின் தலைமுறையின் மிகப் பெரிய வெற்றி. ஆனால் சாவி கைக்கு வந்தபின் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம்? பேராயர் தேர்தலும் சொத்துத் தகராறும் நீதிமன்றம் ஏறுகின்றன. ஒரே திருவிருந்தில் கைநீட்டுகிறவர்கள் கல்யாணப் பேச்சில் சாதி பார்க்கிறார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பார்க்கிறார்கள். இவற்றுக்கு எடின்பரோவைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போன கட்டடங்களைக் காப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை, கணக்கு நேர்மைக்கும் சாதி ஒழிப்புக்கும் காட்டினால் போதும். பதவியை விட்டு இரண்டு பெட்டியோடு புறப்பட்ட ஒரு பேராயரைத் தந்த திருச்சபை, பதவிக்காகப் படியேறும் திருச்சபையாக முடிந்துவிடக் கூடாது. அதைத் தடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொரு சேகரத்திலும் வாக்குச்சீட்டு வைத்திருக்கிற நாம்தான்.