சுவரில் துளை போட ஒரு சின்ன மெஷின்

1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாங்கள் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். எனக்கு அப்போது 9 வயது. பிறகு நான் வளர்ந்ததெல்லாம் கிடுகுக் கொட்டிலில்தான். கிடுகில் ஆணி நிற்காது. உடுப்பு, பாடப் புத்தகம், பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாம் வருடக்கணக்காகப் பைகளில் கட்டிக் கிடந்தன.

2007இல் ஆரம்பமான, உலக வங்கி உதவிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு சீமெந்துக் கல் வீடு அமைந்தது. சுவர் வந்தும் பைகள் தரையிலேயே கிடந்தன. இரண்டு துளைக்காக மேசன் பாஸ் வரமாட்டார்; வந்தாலும் அரைநாள் கூலி. கணவர் காலமான வீடு என்பதால், அவர் வரும் நேரத்துக்கு யாரையாவது துணைக்குக் கூப்பிட்டு வைக்கவும் வேண்டும்.

ஒருநாள் உறவினர் ஒருவரின் பற்றரி ட்றில் மெஷினை இரவல் வாங்கினேன். பெரியது, 18 வோல்ற், இரண்டு கிலோ இருக்கும். ஸ்டூலில் ஏறித் தலைக்கு மேல் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் கை நடுங்கிவிட்டது. துளை அகன்றது, றோல் பிளக் இறுக்கமாக நிற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு தட்டு பீங்கான்களோடு விழுந்தது. உம்மா மன்னாரிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த கோப்பையும் அதோடு போயிற்று. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டு வைத்தார்.

அதன் பிறகுதான் நாங்கள் நாலு வீட்டார் சீட்டுப் போட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினோம். 12 வோல்ற் மெஷின், பற்றரியோடு சுமார் ஒரு கிலோ. நம் வீட்டு வேலைக்கு அது போதும். கடையில் வெறுமனே தூக்கிப் பார்க்காதீர்கள். பற்றரியைப் போட்டு, கையை நீட்டி, தோளுக்கு மேல் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய இலக்கத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். லிதியம் பற்றரியின் உள்ளே ஒரு செல் சுமார் 3.6 வோல்ற் தரும். மூன்று செல் சேர்ந்தால் 10.8, அதைத்தான் 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18. கைக்குள் அடங்கும் பற்றரியில் 88 என்று எழுதியிருந்தால், அதற்கு இருபதுக்கு மேல் செல் வேண்டும். அவ்வளவும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு கம்பனியின் பற்றரி பெரும்பாலும் இன்னொன்றின் மெஷினுக்குப் பொருந்தாது. ஆகவே தனிப் பற்றரி கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே விசாரியுங்கள்.

சீமெந்துச் சுவருக்குச் சுத்தியல் குறி உள்ள மெஷின் வேண்டும். சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும். பலகைக்கும் மாபிளுக்கும் அந்தக் குறியை நிறுத்திவிடுங்கள். சுவருக்கான பிட் வேறு, மரத்துக்கான பிட் வேறு. 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு 6 மில்லிமீற்றர் பிட்தான். பிளக்கின் நீளத்தைப் பிட்டில் அளந்து ஒரு துண்டு ரேப் ஒட்டினால், எங்கே நிறுத்துவதென்று தெரியும். பொந்துள்ள கல்லாக இருந்தால் பிட் திடீரென உள்ளே போய்விடும். அந்த இடத்தில் பாரமான தட்டுப் பூட்டாதீர்கள்.

வயர் இல்லாத மெஷினில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. மெயின் சுவிச்சை அணைத்துவிட்டே வேலை செய்யலாம். வயர் மெஷினில் அது முடியாது. சுவருக்குள் போகும் கரண்ட் வயர் பெரும்பாலும் சுவிச்சிலிருந்து நேர் மேலே, கீழே, அல்லது பக்கவாட்டில் ஓடும். அந்தக் கோட்டில் எப்போதுமே துளை போடாதீர்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களிலும் இந்த மெஷின் கைகொடுத்திருக்கும், அப்போது எங்களிடம் இருந்திருந்தால்!

முக்காட்டு நுனியையும் நீண்ட கையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சுற்றும் பிட்டில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கையுறையும் அப்படித்தான், போட வேண்டாம். கண்ணாடி மட்டும் கட்டாயம். சீமெந்துத் தூள் கண்ணில் விழுந்தால் படும்பாடு எனக்குத் தெரியும்.

நம் கரையில் உப்புக் காற்றுத்தான் பெரிய எதிரி. பிட்டுகளைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டுப் பூசி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் வெயிலில் பற்றரியை வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாயிருக்கும்போது சார்ஜ் போடவும் கூடாது. ஆறட்டும்.

இரண்டாவது தட்டை நானே பூட்டினேன். ஒரு வாரம் வெறுந்தட்டாக விட்டு, பிறகு அரிசிப் பையை ஏற்றிப் பார்த்தேன். நின்றது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினேன். உம்மாவின் டின் மேல் தட்டில் இருக்கிறது.

இந்த வாரம் மெஷின் மூன்றாம் வீட்டு ராத்தாவிடம். கொசுவலை கட்டக் கொளுக்கி போடுகிறாராம்.