ஒகேனக்கல் செல்வோர் அறிய வேண்டுவன

புதுவைக்குக் கடல் உண்டு, ஏரி உண்டு, ஆறும் உண்டு. அருவிதான் இல்லை. செஞ்சிப் பகுதிக் குன்றுகளிலிருந்து இறங்கி, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி, சமவெளியில் நடந்தே கடலைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே வீழும் புனலைக் காண விழையும் நம் மாணவர் திருவண்ணாமலை, தருமபுரி, பென்னாகரம் எனப் பயணம் செய்து ஒகேனக்கலை நாடுகின்றனர்.

தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் தொலைவில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த இடம் அது. கன்னடத்தில் 'ஹொகெ' என்பது புகை. 'கல்' நமக்கும் கல்லே. பாறைகளுக்கிடையே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து வீழ, எழும் நீர்த்திவலை புகையெனத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு முதுமையுடைய திருவக்கரைக் கல்மரங்களைக் கண்டு வியப்பவர் நாம். ஒகேனக்கல் பகுதியில் கிடைக்கும் 'கார்பனடைட்' என்னும் அரிய பாறையின் வயதோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்பது நிலவியலார் கணிப்பு. அங்கே குளிக்கச் செல்வோருள் இதனை அறிந்தவர் மிகச் சிலரே.

ஆனால் நம் மாணவர் முதற்கண் அறிய வேண்டுவது பாறையின் வயதன்று, நீரின் வரவு. வெள்ளம் என்றவுடன் புதுவை மக்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் நினைவிற்கு வரும். வானம் இருண்டு, மழை கொட்டி, தெருவில் நீர் நின்ற பின்னரே நம் ஆறு பெருகும். ஆற்றின் பெருக்கை வானத்தைப் பார்த்தே கணிக்கும் பழக்கம் நமக்கு இவ்வாறு வந்தது. காவிரியிடம் இப்பழக்கம் செல்லாது. குடகிலும் வயநாட்டிலும் ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. கிருஷ்ணராஜ சாகர், கபினி ஆகிய அணைகள் நிரம்பியதும் மதகுகள் திறக்கப்படுகின்றன. அந்நீர் நெடுந்தொலைவு ஓடி ஒகேனக்கலை அடையும் வேளையில், அங்கே வெயில் சுட்டெரித்துக் கொண்டிருக்கலாம். ஒரு துளி மழையும் பெய்திராது. முழங்காலளவு நீரில் பாறைமேல் நின்று புகைப்படம் எடுப்பவர், தாம் திரும்பும் வழி மறைந்ததைப் பின்னரே உணர்வர்.

வானம் வறண்டாலும் காவிரி வற்றாது என்னும் செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே வைத்துள்ளார். ஆற்றின் தலை மலையில் உள்ளது என்பதே அதற்குக் காரணம். வகுப்பறையில் சோழநாட்டின் வளத்திற்குச் சான்றாக நாம் படிக்கும் இச்செய்தி, அருவியில் இறங்குவோர்க்கு எச்சரிக்கையுமாகும்.

காவிரி தமிழகத்துள் நுழையுமிடத்தில், பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. உச்சநீதிமன்றம் 16.2.2018 அன்று தமிழகத்திற்கு வழங்கிய 177.25 டி.எம்.சி. நீரும் இங்கு அளக்கப்படுவதே. கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி என நாளிதழ் கூறினால், ஒவ்வொரு வினாடியும் 2 இலட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நம்மைக் கடந்து செல்கிறது என்று பொருள். 2018 ஆகஸ்டில் அவ்வரத்து 2 இலட்சம் கன அடியை எட்டியது. நீர் மிகும்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் செல்லவும் தடை விதிக்கிறது. 'இவ்வளவு தொலைவு வந்தோமே' எனக் காவலரிடம் வாதிடுவோர் உளர். தொலைவுக்கும் நீரின் விசைக்கும் என்ன தொடர்போ, அறியோம்! புறப்படுமுன் நீர்வரத்தை விசாரித்தால் இவ்வாதத்திற்கே இடமிராது.

பரிசல் மூங்கிலால் வட்டமாகப் பின்னப்பட்டு, நீர் புகாவண்ணம் அடிப்புறம் மூடப்பட்டது. வட்டமாதலால் அதற்கு முன் பின் இல்லை. துடுப்புப் போடுபவரின் கைத்திறமே அதன் திசை. எனவே அதில் எழுந்து நிற்றல் தகாது. உயிர்காப்பு அங்கியை அணியாது மடியில் வைத்திருப்பதும் பயனற்றது.

ஆற்றோரத்தில் கூடாரமிட்டு இரவைக் கழிக்க இளைஞர் சிலர் விரும்புவர். இப்பகுதிக் காடுகள் பல 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துள் அடங்கின. வனத்துறையின் இசைவின்றி அங்குத் தங்குதல் குற்றம். யானைகள் நீரருந்த வரும் வழிகள் அவை. ஆற்றிலோ முதலைகள் உண்டு. இரவில் தங்குவோர் பாதையை விட்டு விலகித் தங்குக, அது விலங்குகளும் நச்சுயிர்களும் வழங்குமிடம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இங்கு நினைக்கலாம். இசைவு பெற்றுத் தங்கினாலும் மணல்திட்டில் கூடாரம் வேண்டா. மணல் கிடக்கும் உயரம் வரை ஆறு முன்னரே வந்து சென்றுள்ளது. மேட்டு நிலமே தக்கது.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள மார்க்கம் சலுகை தருகிறது. ஒளு செய்வதற்கென இருளில் ஆற்றுள் இறங்குவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். நீர் கண்ணெதிரே ஓடினும், அதனை அணுகுதல் உயிர்க்கு ஊறு விளைக்குமெனின், தூய மண்ணால் தயம்மும் செய்துகொள்ள இசைவுண்டு.

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் தங்கும் நிழலிலும் மலங்கழித்தலை நபிகளார் தடுத்துள்ளார்கள். கழிப்பிடமற்ற ஆற்றங்கரையில் தங்குவோர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். துறையை விட்டு நெடுந்தொலைவு விலகி, குழி தோண்டி மூடுவதே முறை. எண்ணெய்க் குளியலுக்குப் பின் சோப்பு உறைகளையும் நெகிழிப் பைகளையும் பாறையிடுக்கில் செருகிவிட்டு வருவோர் பலர். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் நலிந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு, சப்பான் நாட்டுக் கடனுதவியால் 2013-இல் தொடங்கப்பெற்ற கூட்டுக் குடிநீர்த் திட்டம் நீரெடுப்பது இந்த ஒகேனக்கல் காவிரியிலிருந்தே.