பெரியோர் வாய்மொழி

ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் அமர்ந்து, 1924-ஆம் வருஷத்துக் காவேரி வெள்ளத்தைக் கதை கதையாய்ச் சொன்ன பெரியவர்கள் இன்று இல்லை. அவர்கள் சொல்லுங்கால் நாம் பாதிக் காதால் கேட்டுவிட்டுப் போஜனத்துக்கு எழுந்து போனோம். அந்தக் குறையோடுதான் நேயர்களைச் சற்றே சீன தேசத்துக்கு அழைக்கிறோம்.

சலனப் படத்துக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. 1905-ல், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த சாமிக்கண்ணு வின்ஸென்ட், தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரம் அடித்துக் காட்டப் புறப்பட்டார். அன்று நம்மவர் கண்டவை பிறர் எடுத்த படங்கள். பின்னர் ஏ. கே. செட்டியார் தேச தேசமாய் அலைந்து, 50,000 அடிப் படச் சுருளைத் திரட்டி, 12,000 அடியாகச் சுருக்கி, மகாத்மா காந்தியின் வரலாற்றுப் படத்தை 1940-ல் வெளியிட்டார். அதற்குக் கப்பல் பிரயாணமும் ஒரு கம்பெனியும் வேண்டியிருந்தன.

சீனத்திலோ வெகுகாலம் படச் சுருள் சர்க்கார் ஸ்டூடியோக்களின் கையில் இருந்தது. உள்ளங்கையளவு வீடியோ காமிரா வந்த பிறகு தனி மனிதர் பலர் துணிந்தனர். வாங் பிங் என்பவர் 1999-ல் அத்தகைய காமிரா ஒன்றுடன் ஷென்யாங் நகரின் தியேஷீ வட்டாரத்தில் நுழைந்தார். மூடப்பட்டுவரும் பெருந் தொழிற்சாலைகள். வேலை போன தொழிலாளர். அவர்களுடைய குளிர்ந்த வீடுகள். அவர் ஆக்கிய படம் 551 நிமிஷம் ஓடுகிறது. ஒரே மூச்சில் பார்ப்பதற்கு ஏகாதசிக் கண்விழிப்புப் பழகிய ஸ்ரீரங்கவாசிகளே தகுந்தவர்கள்!

ஆயினும் நம் உள்ளத்தை உலுக்கியது வேறொன்று. வூ வென்குவாங் என்ற படப்பிடிப்பாளர், 2010 முதல் இளைஞர்களைத் தத்தம் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பலானார். 1959 முதல் 1961 வரை அங்கே கொடும் பஞ்சம். கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை அனுபவித்த கிழவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதே வேலை. ட்ஸோ ஷ்யுவேபிங் என்ற பெண் ஷான்டுங் மாகாணத்திலுள்ள தம் கிராமத்துக்குச் சென்றார். பசியால் எதை எதைத் தின்றோம், யார் யார் இறந்தார்கள் என்று முதியோர் சொன்னவை படமாயின. மறு வருஷம் அப்படத்தைக் கிராமத்தாருக்கே போட்டுக் காட்டி, இதை அயல்நாட்டில் காட்டலாமா என்று கேட்டார். வீட்டார் தடுத்தனர். நம் வறுமையை அந்நியர் முன் விரிப்பதா என்ற கூச்சம் ஒருபுறம். தொல்லை வருமோ என்ற அச்சம் மற்றொருபுறம். அந்த மறுப்பையும் மறைக்காமல் அவர் இன்னொரு படமாக்கிவிட்டார். எடுத்தவரையும் கேள்விக்கு உள்ளாக்குவதால், இந்த இரண்டாவது படமே மேலானது என்பது நமது அபிப்பிராயம். அப்புறம் கிராமத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, பஞ்சத்தில் இறந்தோரின் பெயர்களைத் திரட்டி, நினைவுக் கல் நாட்டுவதற்குப் பணம் வசூலிக்கலானார்.

அச்சம் வீண் அச்சம் அன்று. 2014 ஆகஸ்டில் பெய்ஜிங் சுயேச்சைத் திரைப்பட விழாவை அதிகாரிகள் நடக்கவொட்டாமல் நிறுத்தினர். சேமித்து வைத்திருந்த படங்களையும் அள்ளிச் சென்றனர்.

இங்கே அத்தகைய தடை ஏதும் இல்லை. காமிராவோ ஒவ்வொருவர் இடுப்பிலும் கைப்பேசியாய் இருக்கிறது. அண்மையில் உத்தர வீதி வீடொன்றில், தொண்ணூறு வயதுப் பாட்டியின் எதிரே பேரன் அதை நீட்டி, யுத்த காலத்து ரேஷனைப் பற்றிக் கேட்டதைக் கண்டோம். பாட்டி முதலில் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அரிசியில் கல் பொறுக்கியதையும், தம் தாயார் பல இராத்திரிகள் பசியில்லை என்று சொல்லிப் படுத்ததையும் மெல்லச் சொன்னார். பிறகு சட்டென்று நிறுத்தி, "ஏண்டாப்பா, இதை யார் யாருக்கெல்லாம் காட்டப் போறே?" என்றார்.

பேரன் காமிராவைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சொல்லு பாட்டி, யாருக்குக் காட்டலாம்?" என்று கேட்டான். பாட்டி வெகு நேரம் யோசித்தார்.