பாம்புக் கூண்டின் முன்னால் ஆறு வாரம்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவர் ஒருவரின் பயிற்சி அனுபவம்)



"எல்லாரும் ஃபேக்டரிக்கு ட்ரெய்னிங் போறாங்க, நீ மட்டும் பாம்பு காட்டப் போறியாடா?" - கோடை விடுமுறையில் ஓர் இயற்கைக் கல்வி மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது விடுதி நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. மின்னியல் படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? ஆறு வாரம் கழித்துத் திரும்பிய என்னிடம் இப்போது பதில் இருக்கிறது.

மிருகக்காட்சி சாலையில் விலங்கைப் பார்க்கிறோம். கல்வி மையத்தில் அதைப் பற்றி நின்று பேச ஓர் ஆள் இருப்பார். 1972 முதல் கிண்டியில் இயங்கும் பாம்புப் பண்ணையும், 1976-ல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையும் தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள். நான் சேர்ந்த இடம் இவற்றை விடச் சிறியது.

என்ன வேலை?

காலை எட்டு மணிக்குக் கண்ணாடி துடைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பெயர்ப் பலகை எழுதுவது. ஃபியூஸ் போனால் அது என் தலையில்! விஷப் பாம்புகளைப் பயிற்சி மாணவர்கள் தொடவே கூடாது. அதற்கென்று அனுபவசாலிகள் உண்டு. பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பேருந்துகள் வரத் தொடங்கும். ஒரு குழுவுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும்.

முதல் வாரம் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கல்விப் பிரிவைக் கவனித்த அக்கா, "உனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லுப்பா" என்றார். மறுநாள் அயர்ன் பாக்ஸை உதாரணம் காட்டினேன். நம் உடம்புக்குள் ஹீட்டரும் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது; பாம்புக்கு அப்படி இல்லை. அதனால்தான் வெயிலில் படுத்துச் சூடேற்றிக் கொள்கிறது, சூடு மிஞ்சினால் நிழலுக்குப் போகிறது. உள்ளே ஹீட்டர் ஓடாததால் சாப்பாடும் கொஞ்சம் போதும் என்றேன். கைகள் உயர்ந்தன, கேள்விகள் வந்தன. எனக்கோ ஒரே பெருமை!

அந்தக் கேள்வி

மூன்றாவது வாரம். கிராமத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள். "பாம்பு எலியைத் தின்கிறது, ஆகவே விவசாயியின் நண்பன்" என்று முடித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டுவிரியன் கூண்டைக் காட்டி, "எங்க மாமாவ இதுதான் கடிச்சுதுண்ணா. ராத்திரி தரையில படுத்திருந்தாரு. காலையில வயித்து வலின்னாரு. சோடா வாங்கிக் கொடுத்தோம். செத்துட்டாரு. இதுவும் நண்பனாண்ணா?" என்றான்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா அவன் தோளில் கை வைத்து, "உங்க மேல தப்பில்லடா. அந்தக் கடி அப்படித்தான், வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து விளக்கினார். அன்று நானும் மாணவனாக உட்கார்ந்து கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டில் அதிக உயிரைப் பறிப்பவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். கடித்த தடம்கூடச் சில சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை செருகுதல், பேச்சுக் குழறல் என்று வந்தால் உடனே பாம்புக் கடியைச் சந்தேகிக்க வேண்டும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவதும் நல்ல காவல்.

கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, வாட்சைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் செய்வது போலக் கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம். இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள். மந்திரிப்பதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம்.

அந்த மருந்தும் பாம்பின் விஷத்திலிருந்தே வருகிறது! விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். விஷம் தருவது 1978-ல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். விஷம் எடுத்த பின் பாம்பை மீண்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

எல்லாம் கேட்ட பிறகு அந்தப் பையன் மெல்ல, "அப்ப எங்க ஊர்ல இத நான் சொல்றேண்ணா" என்றான்.

நான் கற்றது

மறுநாளிலிருந்து என் பேச்சைத் தலைகீழாக மாற்றினேன். "உங்க வீட்டுல, ஊருல யாரையாவது பாம்பு கடிச்சிருக்கா?" என்று முதலில் கேட்பேன். தப்பிக்கும் வழியை அடுத்துச் சொல்வேன். எலி, வயல், நண்பன் எல்லாம் கடைசியில்தான். பயந்திருப்பவனிடம் பாம்பின் பெருமையைப் பேசினால் காதில் ஏறாது. பயத்துக்கு வழி சொன்ன பிறகு, அவனே பாம்பை அடிக்க வேண்டாம் என்கிறான்.

ஜூனியர் தம்பி தங்கைகளே! இப்படிப் பயிற்சிக்குப் போக விரும்பினால் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, விடுமுறைக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். நான் போன இடத்தில் சம்பளம் கிடையாது. பஸ் காசும் என் பாக்கெட்டிலிருந்துதான். ஆனால் கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் பேச அங்கேதான் கற்றேன். நாளை மெஷினை விளக்கினாலும் அது உதவும்.

ஊருக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, தரையில் படுக்கும் பாட்டிக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்கிப் போட்டது. நீங்களும் இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் யார் தரையில் படுக்கிறார்கள் என்று பாருங்கள்!